நோயை அகற்றிய பின்பு

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளம் நடுங்குவது இயல்பே. ஆயினும், அப்பெயரால் வழங்கும் நோய்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. மார்பகத்தின் பாற்கான்களுள்ளே தோன்றி, கானின் சுவரைக் கடவாது அடங்கிக் கிடக்கும் தொடக்க நிலை ஒன்று உண்டு. பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாத இதனை மமோகிராம் என்னும் எக்ஸ்-கதிர்ப் படமே காட்டிக் கொடுக்கிறது. இந்நிலையிலுள்ள பலருக்கு மார்பகம் முழுவதையும் அகற்ற வேண்டியதில்லை. நோயுற்ற பகுதியையும் அதனைச் சூழ்ந்த சிறிதளவு நல்ல இழையத்தையும் வெட்டியெடுத்தாற் போதும்.

அதன் பின்பு யாது செய்வது? இவ்வினாவுக்கு விடை காண, ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியர் பேணாட் பிஷர் தலைமையில் 1985 ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. அதிற் சேர்ந்த 818 பெண்களுள் ஒரு சாரார் சத்திரசிகிச்சை மட்டும் பெற்றனர். மறு சாரார் அதனோடு கதிர்ச் சிகிச்சையும் பெற்றனர். கதிர்ச் சிகிச்சை பெற்றோரிடத்து, அதே மார்பில் நோய் மீண்டும் தோன்றுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால், இரு சாராரின் ஆயுளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே, "நோய் திரும்புமா?" என்பது ஒரு வினா, "உயிருக்கு ஆபத்தா?" என்பது வேறொரு வினா. இரண்டையும் ஒன்றாக்கிக் கலங்குதல் தகாது. அதற்காக அசட்டையாக இருத்தலும் தகாது; மீளும் நோயிற் பாதியளவு, கானின் சுவரைக் கடந்து பரவும் தன்மையதாய் அமைகிறது.

நோய்க் கலங்கள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஓமோனால் வளர்வனவாயின், தமொக்சிபென் மாத்திரையை வழக்கமாக ஐந்தாண்டு உட்கொள்வதும் பயன் தரும். உடற்சூடு முதலிய தொல்லைகள் அதனால் உண்டாகலாம். அரிதாக இரத்தக் கட்டியும் கருப்பைப் புற்றுநோயும் ஏற்படுவதுண்டு. மாதவிலக்கு நின்றோருக்கு வேறு மாத்திரைகளும் உள. பிற புற்றுநோயாளர் சிலர் பெறும் கடுமையான இரசாயன மருந்துச் சிகிச்சை இந்நிலைக்கு வேண்டியதில்லை.

வெட்டியெடுத்த பகுதியின் அளவு, கலங்களின் தரம், ஓரங்களில் நோய் எஞ்சியுள்ளதா என்பது, நோயாளியின் வயது ஆகியவற்றைப் பொறுத்தே சிகிச்சை வேறுபடும். இவற்றை வைத்தியரிடம் தயங்காது கேட்டறிதல் வேண்டும். ஓரிரு வாரம் ஆறுதலாகச் சிந்தித்து முடிவு செய்வதால் கேடொன்றும் இல்லை. எம்முடிவு செய்யினும் ஆண்டுதோறும் மமோகிராம் எடுத்தலைக் கைவிடலாகாது.

வீட்டார்க்கும் ஒரு கடமையுண்டு. அயலவர்க்கு அஞ்சி நோயை மறைப்பதும், நோயாளியைக் கேளாது தாமே முடிவு செய்வதும் அன்பாகா. வைத்தியரிடம் உடன் செல்லுங்கள். அவர் கூறுவதைக் குறித்துக் கொள்ளுங்கள். முடிவை அப்பெண்ணிடமே விடுங்கள்.