முதலில் கேளுங்கள், பிறகு கொடுங்கள்!

புயல் கடந்துவிட்டது. காற்று ஓய்ந்துவிட்டது. வானம்கூட வெளுத்துவிட்டது.

ஆனால், வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. மின்சாரம் இல்லை. குழந்தை பாலுக்கு அழுகிறது. பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது.

அந்தக் குடும்பத்துக்கு உண்மையான சோதனை இப்போதுதான் தொடங்குகிறது.

அந்த வீட்டின் கதவை முதலில் தட்டப் போவது யார்? அதிகாரியா? போலீஸ்காரரா? படகில் வரும் மீட்புப் படையா?

அவர்கள் எல்லோரும் வருவார்கள். ஆனால், முதலில் வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்!

ஆகவே, புயல் உதவி நம் தெருவில்தான் தொடங்குகிறது. அதை ஒழுங்காகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. முதலில் கேட்க வேண்டும். பிறகு கொடுக்க வேண்டும்.

நாம் பார்த்த புயல்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்களுக்குப் புயல் புதிது அல்ல.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பெருமழை கொட்டியது. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, உபரி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு பொங்கியது. கரையோர ஊர்கள் மிதந்தன.

அடுத்த ஆண்டே 'வர்தா' புயல் வந்தது. 2016 டிசம்பர் 12-ந் தேதி, சென்னையின் மீதே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் காற்று வீசியது. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. புறநகரில் பல தெருக்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன.

2023-ல் வந்தது 'மிக்ஜாம்' புயல். இது சென்னையில் கரை ஏறவே இல்லை. டிசம்பர் 5-ந் தேதி ஆந்திராவில் பாபட்லாவுக்கு அருகேதான் கரையைக் கடந்தது. ஆனால், அதற்கு முன்பு நம் கரைக்கு அருகே கடலில் மெல்ல மெல்ல நகர்ந்தது. அந்த நேரத்தில் கொட்டிய மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. பட்டறைகளில் எந்திரங்கள் நனைந்தன. பால் கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள்.

ஒரு புயலில் காற்று கெடுத்தது. இன்னொரு புயலில் மழை கெடுத்தது. "புயல் வேறு எங்கோ போகிறது, நமக்கு என்ன?" என்று இனி யாரும் இருக்க முடியாது.

நம் மக்களின் நல்ல மனசு

இந்தச் சோதனைகளில் நம் மக்கள் நடந்துகொண்ட விதம் பாராட்டுக்குரியது.

2015-ல் மீனவர்கள் தங்கள் படகுகளை நகருக்குள் கொண்டுவந்தார்கள். மாடியில் தவித்தவர்களை இறக்கினார்கள். கோவில், பள்ளிவாசல், சர்ச் எல்லாம் கதவைத் திறந்துவைத்தன. வாலிபர்கள் அண்டா அண்டாவாகச் சோறு வடித்தார்கள்.

வர்தா வந்தபோது இன்னொரு கஷ்டமும் இருந்தது. பழைய 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் சில்லறை இல்லை. மின்சாரம் இல்லாததால் கார்டு தேய்க்கவும் வழி இல்லை. முகம் தெரிந்த ஒரே காரணத்துக்காகக் கடன் கொடுத்த மளிகைக் கடைக்காரர்கள்தான் பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்தார்கள்.

2018 நவம்பரில் 'கஜா' புயல் நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களைச் சூறையாடியது. தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் விழுந்தன. அப்போது சென்னையில் இருந்து லாரி லாரியாகப் பொருள்கள் போயின.

கொடுக்கும் குணத்தில் நமக்குக் குறைவே இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கே தவறுகிறோம்?

சாப்பாட்டுப் பொட்டலங்கள் மெயின் ரோட்டில் குவிகின்றன. வேன் நிற்கும் இடத்தில் இருப்பவருக்கு மூன்று பொட்டலம் கிடைக்கிறது. நான்காவது சந்தில், இடுப்பளவு தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒன்றும் இல்லை.

பழந்துணி மூட்டை மூட்டையாக வருகிறது. கிழிந்த சட்டையும் ஒற்றைக்கால் செருப்பும் அதில் கிடக்கின்றன. வாங்குகிறவர் அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பார்? வீடே ஈரம்!

பெண்களுக்கு மாதவிலக்குத் துணியும், நாப்கினும் வேண்டும். அதை வாய்விட்டுக் கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள். கொடுப்பவர் ஆண் என்றால் கேட்கவே மாட்டார்கள்.

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்பது பழமொழி. வாங்குபவர் தகுதி உள்ளவரா என்று பார்க்கச் சொல்வதாக இதற்குப் பொருள் சொல்வார்கள். புயல் காலத்தில் வேறு பொருள் கொள்ளலாம். அந்த வீட்டுப் பாத்திரத்தில் என்ன இல்லை என்று பாருங்கள். பால் இல்லையா, குடிதண்ணீர் இல்லையா, மருந்து இல்லையா? இல்லாததைக் கொடுங்கள்.

நாளுக்கு ஏற்ற உதவி

தேவை நாளுக்கு நாள் மாறும்.

முதல் நாள்: குடிதண்ணீர், குழந்தைக்குப் பால், மெழுகுவத்தி, செல்போனுக்குச் சார்ஜ். இவைதான் அவசரம். மாடி வீட்டுக்காரர் தரை வீட்டுக்காரருக்கு ஓர் அறையைக் கொடுத்தால், அதைவிடப் பெரிய தானம் இல்லை.

மூன்றாம் நாள்: மருந்து. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களின் மாத்திரை தீர்ந்துபோகும். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, அதே மருந்தை வாங்கி வாருங்கள்.

ஒரு வாரம்: துடைப்பம், பிளீச்சிங் பவுடர், கை உழைப்பு. தொட்டிக்குள் சாக்கடை கலந்திருக்கும். அதைக் கழுவ வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். எலிக் காய்ச்சல் வரும் காலம் இது. தேங்கிய தண்ணீரில் நடந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இரண்டு வாரம்: பாடப் புத்தகம், நோட்டு, சான்றிதழ். மிக்ஜாம் புயலின்போது அரையாண்டுத் தேர்வையே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. நனைந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு பிள்ளை எப்படிப் படிக்கும்?

ஒரு மாதம்: வேலை. தையல் மெஷின் கெட்டுப்போன தாய்க்கும், ஆட்டோ மூழ்கிப்போன டிரைவருக்கும் சோற்றுப் பொட்டலம் போதாது. மெஷினைப் பழுது பார்த்துக் கொடுங்கள். பழுதுச் செலவைத் தெருவே சேர்ந்து ஏற்கலாம்.

முதல் நாள் உதவிக்கு நூறு பேர் வருவார்கள். முப்பதாம் நாள் வருபவர்தான் அந்தக் குடும்பத்தை நிமிர்த்துகிறார்.

விட்டுப்போகிறவர்கள்

2023-ல் தமிழக அரசு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கடைகள் மூலம் 6,000 ரூபாய் வழங்கியது. பல வீடுகளுக்கு அது கை கொடுத்தது.

ஆனால், போன மாதம் குடிவந்த வாடகைக்காரரின் கார்டு பழைய ஊரில் இருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசா தொழிலாளிக்குத் தமிழில் வரும் எச்சரிக்கை புரியாது. தனியாக இருக்கும் முதியவரின் பிள்ளை வெளிநாட்டில் இருப்பார்.

இவர்கள் உதவி கேட்டு வரமாட்டார்கள். நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இதற்குப் பெரிய சங்கம் வேண்டாம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

படுக்கையில் இருக்கும் நோயாளி எந்த வீட்டில்? நிறைமாதக் கர்ப்பிணி எங்கே? கைக்குழந்தை எங்கே? தாழ்வான தரை வீடு எது? மாடியில் இடம் தரச் சம்மதிப்பவர் யார்? நர்ஸ், எலக்ட்ரீசியன், நீச்சல் தெரிந்தவர் யார் யார்? இந்தி தெரிந்தவர் யார்?

இவற்றை எழுதி, நம்பிக்கையான இருவரிடம் வைக்க வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது.

எந்த அலுவலகத்துக்குப் போன் செய்வது என்பதையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இது மிக முக்கியம். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் வரமாட்டார். தண்ணீர் மட்டும் எல்லை பார்க்காமல் வரும்! அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குப் பாயும்.

மாநிலப் பேரிடர் உதவி எண் 1070. மாவட்ட எண் 1077. ஆம்புலன்ஸ் 108. சென்னை மாநகராட்சி 1913. வீட்டுச் சுவரிலும் எழுதி ஒட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. உதவப் போகிறவர் உயிரை இழக்கக் கூடாது. கம்பி அறுந்து விழுந்த தண்ணீரில் கால் வைக்காதீர்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

"இது அரசாங்கத்தின் வேலை அல்லவா?"

சிலர் இப்படிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

கால்வாயைத் தூர் வாருவதும், ஏரிக்கரையைப் பலப்படுத்துவதும், ஆக்கிரமிப்பை அகற்றுவதும் அரசாங்கத்தின் வேலை. அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. மழைக்கு முன்பே மனு கொடுத்துக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல மனசு, அடைத்துக்கொண்ட கால்வாய்க்குச் சமாதானம் ஆகாது.

ஆனால், முதல் சில மணி நேரத்தில் சந்துக்குள் இருப்பது நாம் மட்டும்தான்.

மற்ற ஊர்களைப் பாருங்கள். 1999-ல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 2013-ல் 'பைலின்' புயல் அதே ஒடிசாவைத் தாக்கியது. லட்சக்கணக்கான மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். சாவு பத்துக் கணக்கில் நின்றது.

வங்காள தேசத்தில் 1970-ம் ஆண்டுப் புயல் லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அதன் பிறகு, 1972-ல் புயல் தொண்டர் படை அமைத்தார்கள். கிராமத்து ஆண்களும் பெண்களும்தான் அதன் தொண்டர்கள். கொடி ஏற்றி, மெகாபோனில் கூவி, வீடு வீடாகப் போய் மக்களைக் கிளப்பினார்கள். யார் வீட்டில் யார் நடக்க முடியாதவர் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் உயிர்கள் பிழைத்தன.

அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

எப்போது தொடங்குவது?

2015 வெள்ளம், வர்தா, மிக்ஜாம் மூன்றும் கார்த்திகை மாதத்தில் வந்தவை. அதற்கு முன்னால், ஐப்பசியில் வருகிறது தீபாவளி.

பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவது நம் வழக்கம். இந்தத் தீபாவளிக்கு, இதுவரை போகாத வீடுகளுக்கும் போங்கள். முஸ்லிம் வீட்டுக்கும், கிறிஸ்தவர் வீட்டுக்கும், வடக்கே இருந்து வந்த தொழிலாளிகள் தங்கும் அறைக்கும் போங்கள்.

தட்டைக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்:

"மழை பெரிதாக வந்தால் உங்கள் வீட்டுக்கு என்ன வேண்டியிருக்கும்?"

அவர் சொல்லும் பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் தெருவின் முதல் புயல் நிவாரணம்.