கர்ப்பிணித் தாய்க்கு "நோர்மல்" எது?



"பிளட் ரெஸ்ற் எல்லாம் நோர்மலாம்." கர்ப்பிணிப் பெண் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியதும் தாயாரோ மாமியாரோ கேட்கும் முதற் கேள்விக்குக் கிடைக்கும் பதில் இது. அதோடு எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இந்த ஒரு சொல்லோடு நாம் திருப்திப்பட்டுவிடக் கூடாது என்பது எனது கருத்து.

கர்ப்பம் தரித்த சில வாரங்களிலேயே சிறுநீரகங்களுக்குப் பாயும் இரத்தம் கூடத் தொடங்குகிறது. முதல் மூன்று மாதங்கள் முடியும்போது அவை இரத்தத்தை வடிகட்டும் வேகம் வழமையைவிட ஏறக்குறைய 50 வீதம் அதிகரித்துவிடும். சிறுநீரகங்களே சுமார் 1 சென்ரிமீற்றர் நீளமாகின்றன. சலக்குழாய்களும் விரிவடைகின்றன. இதனால் சலத்தில் ஏற்படும் கிருமித்தொற்று சிறுநீரகம் வரை ஏறுவதும் இலகுவாகிறது.

வடிகட்டும் வேகம் கூடுவதால் இரத்தத்திலுள்ள கிரியற்றினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு குறைய வேண்டும். இங்கேதான் சிக்கல். மற்றப் பெண்களுக்குப் பிழையில்லாத ஓர் அளவு, கர்ப்பிணிக்கு எச்சரிக்கையாக இருக்கலாம். பிரித்தானியச் சிறுநீரக வைத்தியர்களின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, முன்னைய அளவு தெரியாத கர்ப்பிணிக்கு லீற்றருக்கு 77 மைக்ரோமோலுக்கு மேற்பட்ட கிரியற்றினினை இயல்புக்கு மாறானதாகக் கொள்கிறது. கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு 80 என்று வந்தால் பெரும்பாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆகவே "நோர்மலா?" என்று மட்டும் கேளாமல், "எத்தனை? அது கர்ப்பிணிக்கு உரிய அளவா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது.

அடுத்தது வீக்கம். "பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குறது வழமைதானே" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் முகமும் கைகளும் திடீரென வீங்கினால், கடுமையான தலையிடி, கண் மங்குதல், விலா எலும்பின் கீழே நோவு என்பன வந்தால், அன்றைக்கே வைத்தியசாலையுடன் தொடர்பு கொள்ள வேண்டும். 20 வாரங்களுக்குப் பின்னர் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சலத்தில் புரதமும் போகுமானால் அது பிரீ-எக்லாம்சியா எனும் ஆபத்தான நிலையாக இருக்கலாம். மிட்வைஃப் ஒவ்வொரு முறையும் சலத்தையும் பிரஷரையும் பார்ப்பது சடங்குக்காக அல்ல.

"எங்கட அம்மம்மா பத்துப் பிள்ளை பெத்தவ, உதெல்லாம் பாத்தவவே?" என்று சிலர் கேட்பார்கள். அம்மம்மா தப்பினார். தப்பாத தாய்மாரையும் ஊரில் பலருக்கு நினைவிருக்கும்.

நீரிழிவு, பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ள பெண்கள் கர்ப்பம் தரிக்க முன்னரே வைத்தியருடன் கதைக்க வேண்டும். ராமிபிரில் போன்ற சில மருந்துகள் சிசுவுக்குக் கூடாதவை, மாற்ற வேண்டும். ஆனால் தாமாக நிறுத்தவும் கூடாது. இப்படிப்பட்டவர்களுக்கு 12ஆம் வாரத்திலிருந்து பிரசவம் வரை குறைந்த அளவு அஸ்பிரின் கொடுப்பதும் இங்குள்ள நடைமுறையாகும். மாமியாருக்குத் தெரிந்துவிடும் என்று பழைய வருத்தத்தை வைத்தியரிடமும் மறைப்பவர்கள் உண்டு. அந்த மறைப்புக்கு விலை கொடுப்பது தாயும் பிள்ளையும்தான். ஆங்கிலம் கடினமென்றால் என்.எச்.எஸ். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. கணவரையோ பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளையையோ வைத்து இவற்றைப் பேச முடியாது.

கடைசியாக, என்னை மிகவும் உறுத்துவது இதுதான். 31ஆம் நாள் துடக்குக் கழிவை நாம் தவறவிடுவதில்லை. சரக்குத் தூள், பத்தியம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆனால் 6 முதல் 8 வாரங்களில் தாய்க்குச் செய்ய வேண்டிய பரிசோதனையைப் பலர் மறந்துவிடுகிறோம். பிள்ளையின் தடுப்பூசித் திகதி எல்லோருக்கும் தெரியும். தாயின் பிரஷர் எவருக்கும் தெரியாது. பிரீ-எக்லாம்சியா வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகப் பாதிப்பும் வரும் வாய்ப்பு அதிகம். சலத்தில் புரதம் அப்போதும் போகுமானால் 3 மாதத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். அதன் பின்னரும் வருடா வருடம் பிரஷரைப் பார்ப்பது நல்லது.

பிள்ளை பார்க்கப் போகும் உறவினரே, தொட்டிலை எட்டிப் பார்த்த பின் தாயிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிள்ளை, உன்ர பிரஷர் எவ்வளவாம்? சலம் பாத்தவையே?"

அந்தக் கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.