ஓர் ஆணை, ஓராயிரம் கணினிகள்

சில மாதங்களுக்கு முன்பு, கணக்குப் புத்தகத்தில் பதிவு போடுவதற்காக ஒரு வங்கிக் கிளையில் வரிசையில் நின்றிருந்தேன். முற்பகல் பதினொரு மணி இருக்கும். மூன்று கவுன்ட்டர்களிலும் இருந்த கணினிகள் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்திவிட்டு, மென்பொருள் புதுப்பிக்கப்படுவதாக அறிவித்தன. அரை மணி நேரத்துக்கும் மேலாக வரிசை அசையவில்லை. முதியவர் ஒருவர் சற்று உரக்கவே கேட்டார். "நாங்கள் எதையும் தொடவில்லை ஐயா, அதுவாகவே நடக்கிறது" என்றார் ஊழியர்.

அதுவாக நடக்கவில்லை, எங்கோ ஒருவர் ஆணையிட்டிருக்கிறார். இன்று வங்கி, மருத்துவமனை, விமான நிலையம் என எங்கும் அலுவலகக் கணினிகளில் 'ஏஜென்ட்' எனப்படும் சிறிய மென்பொருள் ஒன்று நிறுவப்பட்டிருக்கிறது. தொலைவிலுள்ள மைய சர்வருடன் அது ஓயாமல் தொடர்பு கொண்டு, தனக்கு ஏதேனும் பணி உண்டா என்று கேட்டபடி இருக்கும். மையத்திலிருந்து வருவது ஒற்றைக் கட்டளை அல்ல, ஒரு பணிவரிசை: வட்டில் இடம் உண்டா என்று பார், இருந்தால் புதிய மென்பொருளை இறக்கு, நிறுவு, மறுதொடக்கம் செய், தவறினால் பழைய நிலைக்குத் திரும்பிப் புகார் பதிவு செய். ஒரு காலத்தில் குறுந்தகட்டுடன் மேசை மேசையாக நடந்த தொழில்நுட்பப் பணியாளரின் ஒரு வாரத்து வேலை இது. சென்னையிலும் பெங்களூரிலும் அமர்ந்தபடி வெளிநாட்டு நிறுவனங்களின் ஆயிரக்கணக்கான கணினிகளை நம் இளைஞர்கள் பராமரிப்பது இதன் துணையால்தான்.

இந்த ஏற்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனிதக் கைகளை மட்டுமே நம்பியதன் விலை என்ன என்பதை அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் அறியும். எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரலை ஏற்றிய பணியாளர், எட்டாவதை விட்டுவிட்டார். 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்த 45 நிமிடங்களில் அந்நிறுவனம் 44 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. பணிவரிசைப்படி இயங்கும் மென்பொருள் எட்டாவது சர்வரை மறந்திருக்காது.

ஆனால், எதையும் மறக்காத அதே குணம்தான் தவறான ஆணையையும் ஒன்றுவிடாமல் நிறைவேற்றுகிறது. 2021 ஜூலை 2, வெள்ளிக்கிழமை. அமெரிக்க சுதந்திர தின விடுமுறை தொடங்கும் நேரம். கசேயா என்ற நிறுவனத்தின் தொலைநிலைப் பராமரிப்பு மென்பொருளான விஎஸ்ஏவின் சர்வர்களில் இருந்த ஓட்டை வழியாக ரெவில் என்ற இணையக் குற்றக் கும்பல் நுழைந்தது. அதன்பின் அக்கும்பல் கணினிகளை ஒவ்வொன்றாகத் தாக்க வேண்டிய தேவையே எழவில்லை. அவசரத் திருத்தம் என்ற பெயரில் ஒரு பணிவரிசையை அனுப்பியது. விண்டோஸின் பாதுகாப்பு அம்சங்களை முடக்கு, கோப்புகளைப் பூட்டு என்பதே அதன் சாரம். மையத்திலிருந்து வந்த ஆணையாயிற்றே! ஏஜென்டுகள் பணிந்தன.

நேரடியாகப் பாதிக்கப்பட்டவை அறுபதுக்கும் குறைவான பராமரிப்பு நிறுவனங்கள்தாம். அவற்றின் வாடிக்கையாளர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,500 நிறுவனங்கள். ஸ்வீடனில் கூப் என்ற பல்பொருள் அங்காடி தன் 800 கிளைகளை மூட நேர்ந்தது. கூப் நேரடியாகக் கசேயாவின் வாடிக்கையாளர்கூட அல்ல. அதன் பில் போடும் இயந்திரங்களைப் பராமரித்த நிறுவனம் அந்த மென்பொருளைப் பயன்படுத்தியது, அவ்வளவே. ரொட்டி வாங்க வந்து மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிய ஸ்வீடன்காரர் கசேயா என்ற பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டிருப்பாரா? இதில் இன்னொரு வேதனை, நெதர்லாந்தைச் சேர்ந்த தன்னார்வ ஆய்வாளர்கள் அந்த ஓட்டையை ஏப்ரல் மாதமே கண்டறிந்து நிறுவனத்துக்குத் தெரிவித்திருந்தார்கள். திருத்தம் தயாராகிக் கொண்டிருந்தபோதே தாக்குதல் முந்திக்கொண்டது.

குற்றவாளியே இல்லாமலும் இத்தகைய பேரிடர் நிகழும். 2024 ஜூலை 19 அன்று இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு கிரௌட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றும் விட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கோப்பைச் சோதிக்க வேண்டிய தானியங்கி மென்பொருளிலேயே பிழை இருந்தது. சிறிது சிறிதாக அனுப்பிப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது அதைவிடப் பெரிய பிழை.

முடங்கிய கணினிகளில் பல தாமாக எழவில்லை. இயங்கத் தொடங்கும் முன்பே நின்றுவிடும் கணினியில் ஏஜென்டும் விழிப்பதில்லை அல்லவா? தொலைவிலிருந்து கெட்டதைத் தொலைவிலிருந்து சரிசெய்ய முடியவில்லை. யாராவது நேரில் சென்று, கணினியைப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, அந்தக் கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் முதலில் 48 இலக்க மீட்பு எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். தேவையில்லை என்று குறைக்கப்பட்ட அதே பணியாளர்களை நிறுவனங்கள் அன்று தேடின.

இப்போது பணிவரிசையின் முடிவெடுக்கும் இடங்களிலும் செயற்கை நுண்ணறிவு அமர்த்தப்படுகிறது. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் நிரலெழுதும் ஏஜென்ட், எந்த மாற்றமும் கூடாது என்ற தெளிவான அறிவுறுத்தலை மீறி ஒரு வாடிக்கையாளரின் தரவுத்தளத்தை அழித்தது. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி அதை ஏற்க முடியாதது என்று ஒப்புக்கொண்டார். எழுதிவைத்த வரிசையைப் பிசகாமல் பின்பற்றும் மென்பொருளே இத்தனை சேதம் விளைவித்திருக்க, வரிசையைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒன்றிடம் சாவியை ஒப்படைக்க நாம் அவசரப்படுவது எனக்கு விளங்கவில்லை.

தீர்வுகள் புதியவை அல்ல. புதிய ஆணை முதலில் பத்துக் கணினிகளுக்குச் செல்ல வேண்டும்; ஒரு நாள் பொறுத்து நூறுக்கு; பிறகே மற்றவற்றுக்கு. அழித்தல், பூட்டுதல், பாதுகாப்பை முடக்குதல் ஆகியவை வரும் இடத்தில் பணிவரிசை நின்று, இரு மனிதர்களின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். தன் கணினிகளில் எது, எப்போது மாறலாம் என்பதை வாடிக்கையாளர் நிறுவனமே முடிவு செய்ய வேண்டும். கிரௌட்ஸ்டிரைக் படிப்படியான வெளியீட்டையும் வாடிக்கையாளருக்கான கட்டுப்பாட்டையும் பேரிடருக்குப் பிறகுதான் அறிவித்தது. முன்பே செய்திருக்கக்கூடியவைதாம் இவை. நேரமும் ஆள் செலவும் பிடிக்கும் என்பதே தடை.

தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியாரிடம் ஒப்படைத்தாலும் இறுதிப் பொறுப்பு வங்கியையே சாரும் என 2023-இல் இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறை கூறுகிறது. அந்தப் பொறுப்பு கவுன்ட்டர் வரை வந்து சேரவில்லை. அன்று வரிசையில் காத்திருந்த பின், புதுப்பிப்பை மாலையில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கிளை மேலாளரிடம் கேட்டேன். அதைத் தள்ளிவைக்கும் வசதி தன்னிடம் இல்லை என்றார். யாரிடம் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.