கெட்ட பெயர் கடைசியில்தான் காதில் விழும்

ஊரில் ஒருவருக்குக் கெட்ட பெயர் வந்தால், அது கடைசியாக விழுவது அவர் காதில்தான். கம்பெனிகளின் கதையும் இதுவே.

2019 ஏப்ரல் 15 அன்று அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் ஒரு செய்தி வெளியிட்டார். பெங்களூரின் விப்ரோ நிறுவனக் கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ ஊடுருவி, அங்கிருந்தபடியே அதன் வாடிக்கையாளர்களைத் தாக்குகிறார்கள். குறைந்தது ஒரு டஜன் வாடிக்கையாளர்களுக்குக் குறி என்றது செய்தி. சந்தேகத்துக்குரிய நடமாட்டத்தின் தடம் பிடித்துப் போன வாடிக்கையாளர்கள் விப்ரோவின் வாசலில் போய் நின்றார்களாம். மோசடி மின்னஞ்சலால் ஊழியர்கள் சிலரின் கணக்குகளில் வழக்கத்துக்கு மாறான நடமாட்டம் தெரிந்ததாக நிறுவனமும் ஒப்புக்கொண்டது. பிறரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதையே பிழைப்பாகக் கொண்ட ஊருக்கு இது சாதாரண விஷயமல்ல.

இணையத்தில் ஒரு நிறுவனத்துக்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று, டொமைன் என்கிற பெயர். மற்றது, ஐ.பி. முகவரி என்கிற எண். இரண்டுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் உண்டு. அதை எழுதுவது மட்டும் வெளியாட்கள். 1998ல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் அமைப்பு, குப்பை மின்னஞ்சல் அனுப்பும் எண்களையும் பெயர்களையும் பட்டியல் போடுகிறது. மின்னஞ்சலைப் பெறும் கம்ப்யூட்டர், அனுப்பியவர் இதுபோன்ற பட்டியலில் இருக்கிறாரா என்று நொடியில் பார்த்துவிடும். இருந்தால் கதவடைப்பு.

பெரிய நிறுவனம் தாங்கும். கோரமங்களாவில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்துப் பத்துப் பேரோடு நடக்கும் கம்பெனி என்ன செய்யும்? அனுப்பிய பில் போய்ச் சேராது. பணம் ஏன் வரவில்லை என்று மாதக் கடைசியில்தான் விசாரிப்பார்கள். தவறே செய்யாமலும் மாட்டிக்கொள்ளலாம். கம்பெனிக்குக் கிடைத்த ஐ.பி. எண்ணை முன்பு வைத்திருந்தவர் மோசடிக்காரராக இருந்தால், பழைய குடித்தனக்காரரின் கடனுக்குப் புதியவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற கதைதான்.

இவற்றைக் கண்காணிப்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. 'த்ரெட் இன்டெலிஜென்ஸ்' என்பார்கள். அச்சுறுத்தல் உளவு என்று மொழிபெயர்த்தால் ஜேம்ஸ் பாண்ட் நினைவு வரும். வேலை என்னவோ இரவுக் காவலாளியுடையது. நம் எண் பட்டியலில் ஏறியிருக்கிறதா, நம் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி யாராவது போலிப் பெயர் பதிவு செய்திருக்கிறார்களா, நம் தகவல்கள் திருட்டுச் சந்தையில் விலைக்கு வந்திருக்கின்றனவா என்று தினமும் ஒரு சுற்று வர வேண்டும். 2020 அக்டோபர் இறுதியில், பெங்களூர் பிக்பாஸ்கெட்டின் சுமார் 2 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்கள் 40,000 டாலருக்கும் மேலான விலையில் விற்பனைக்கு வந்திருந்ததைக் கண்டது சைபிள் என்ற கண்காணிப்பு நிறுவனம். பெங்களூர் சைபர் போலீஸுக்குப் புகார் போனது அதன் பிறகுதான்.

எல்லாவற்றுக்கும் லட்சங்களைக் கொட்ட வேண்டியதில்லை. ஸ்பாம்ஹாஸ் பட்டியலில் நம் எண் இருக்கிறதா என்று இலவசமாகவே பார்க்கலாம். பார்க்க ஓர் ஆள், பார்த்ததைச் சொன்னால் கேட்க ஒரு மேலதிகாரி, இரண்டும் வேண்டும்.

சைபர் அசம்பாவிதங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. நிறுவனம் தானாகக் கவனித்த நேரத்திலிருந்தோ, பிறர் அதன் கவனத்துக்குக் கொண்டுவந்த நேரத்திலிருந்தோ இந்தக் கெடு தொடங்கும். கவனிக்க ஆள் வைக்காத கம்பெனிக்கு இரண்டாவது வழி ஒன்றுதான் மிச்சம். அப்படிச் சொல்ல வருகிறவர் பெரும்பாலும் கோபமான வாடிக்கையாளராக இருப்பார்.