பூச்செடிக்குத் தீட்டு இல்லை

மாசி பிறந்ததும் வீட்டுப் பூப்பாத்தியைக் கலைத்து ஒழுங்கு செய்வது பலருக்கும் வழக்கம். மார்கழி முழுக்கப் பூத்த டிசம்பர் பூச்செடி ஓய்ந்திருக்கும். செவ்வந்தியின் காய்ந்த தண்டைச் சுற்றிப் பக்கக் கன்றுகள் நெருக்கியடித்து நிற்கும். மதில் நிழலில் பூக்காமல் கிடக்கும் செம்பருத்தியை வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். பங்குனி வெயில் ஏறுவதற்குள் எல்லாம் வேர் பிடித்தாக வேண்டும் என்பதால், வீட்டில் இருக்கிற எல்லாக் கைகளும் தேவைப்படும் வேலை இது. அப்போதுதான் அந்தத் தடையும் வரும்: தூரமான பெண் பாத்திப் பக்கம் போகக் கூடாது, தொட்டால் செடி பட்டுப்போகும். நாலு நாள் கழித்து ஒரு செடி தலை சாய்ந்தால் மண்ணைக் கிளறிப் பார்க்கும் முன்பே கேள்வி வந்துவிடும்: “தூரத்தோட தொட்டியாடி?”

இது பொய். கிராமத்துப் பாட்டிகளோடு போய்விடும் என்று சும்மா இருந்துவிடக் கூடிய பொய்யும் அல்ல. அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடியில் தேங்காய் நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து தொட்டி வைக்கிறவர்கள்கூட, துளசிக்கும் மல்லிக்கும் மட்டும் இந்த விலக்கை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

இடம் மாற்றிய செடி ஏன் வாடுகிறது? தண்ணீரை உறிஞ்சுவது நம் கண்ணுக்குத் தெரிகிற பருத்த வேர் அல்ல. நுனி வேர்களில் பூனைமுடிபோல் அடர்ந்திருக்கும் மெல்லிய வேர்த்தூவிகளே அந்த வேலையைச் செய்கின்றன. மண்வெட்டி இறங்கும்போது முதலில் அறுபடுவது அவைதான். மேலே இலைகளோ எப்போதும்போல் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கின்றன. வரவு நின்று செலவு மட்டும் தொடர்வதால் இலை தொங்குகிறது. புதுத் தூவிகள் விடும்வரை அந்தச் செலவைக் குறைத்துக் கொடுத்தால் செடி நிமிர்ந்துகொள்ளும், கொடுக்காவிட்டால் காயும். வேரை அறுத்தது யார் கை என்று செடிக்குத் தெரிய வழியே இல்லை.

கைராசிக்காரர் என்று தெருவே மெச்சுகிற ஒருவர் செடி நடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் நாளே பாத்தியை நனைத்து வைப்பார். வெயில் தாழ்ந்த பிறகுதான் மண்வெட்டியை எடுப்பார். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் வெட்டி, மண் உதிராமல் வேர்க்கட்டியைச் சாக்குத் துண்டில் ஏந்தித் தூக்குவார். நடுவதற்கு முன் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார். குழியில் இறக்கியதும் காலால் மிதிக்காமல் கையால் அழுத்தி மண் அணைப்பார். தண்ணீர் ஊற்றிவிட்டு வேப்பங்கொத்தையோ தென்னை ஓலையையோ மேற்குப் பக்கம் செருகிவிடுவார். யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், பழக்கத்தில் வந்தது. அவர் வைத்தது பிழைப்பது இத்தனையும் சேர்ந்துதான். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய நாம், ராசி என்ற ஒரே சொல்லில் அவருடைய திறமையையும் மறைக்கிறோம், நமக்கும் அது வராது என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

வாடிய செடியைத் தோண்டிப் பார்க்கும் வழக்கமும் இந்தத் தீட்டு நம்பிக்கையால்தான் நம்மிடம் இல்லாமல் போனது. நேற்றுவரை பூத்த கனகாம்பரம் இன்று சுருண்டுவிட்டதா? பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேர் முழுக்கச் சிறு சிறு முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழுவின் வேலை. கனகாம்பரத்துக்கு அது பெரும் பகை. வேரும் அடித்தண்டும் கறுத்து அழுகியிருந்தால் பூஞ்சை. அதே குழியில் அடுத்த கன்றை வைத்தால் அதுவும் போகும், அந்த முறை பழி வேறொரு பெண்மேல் விழும். மதிலோரத்து மல்லியில் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் வெளுக்கிறதென்றால், வீடு கட்டும்போது கொட்டிய சுண்ணாம்பும் சிமெண்ட் கழிவும் மண்ணில் கிடக்கலாம். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நர்சரியில் வாங்கிய கன்றைப் பையைக் கிழிக்காமலேயே குழியில் வைத்து மூடியவர்கள் எத்தனை பேர்! அந்தச் செடி வெயில் ஏறும்போது மூச்சுமுட்டித்தான் சாகும். இத்தனை காரணங்களும் மண்ணுக்குள் இருக்க, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, அந்த வாரம் யார் தூரமானாள் என்று கணக்குப் பார்க்கிறோம்.

நம் பெரியவர்கள் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி, மாதவிலக்கான பெண் நெருங்கினால் பயிர் கருகும் என்று எழுதிவைத்தார். 1920இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் பேலா ஷிக், விலக்கான பணிப்பெண் கையில் வாங்கிய பூக்கள் சீக்கிரம் வாடியதாகக் கண்டு, அவள் உடலில் ஏதோ நஞ்சு சுரக்கிறது என்றார். தொண்டை அடைப்பான் நோய்க்கான தோல் சோதனையை 1913இல் உலகுக்குத் தந்த அதே ஷிக்தான். பேர்பெற்ற மருத்துவர் சொன்னதால் அந்த நஞ்சுக்கு ‘மெனோடாக்சின்’ என்று பெயரும் கிடைத்தது, ஆய்வுக்கூடங்களில் அதைத் தேடவும் செய்தார்கள். அப்படி ஒரு பொருளை இன்றுவரை யாரும் பிரித்தெடுத்துக் காட்டவில்லை. படிப்பும் புகழும் உள்ளவரே இதில் தடுக்கி விழுந்தார் என்றால், ஊர்ப் பழக்கம் எவ்வளவு ஆழமாகக் கண்ணை மறைக்கும் என்று புரிந்துகொள்ளலாம்.

ரத்தம் செடிக்கு ஆகாது என்ற எண்ணமும் நிற்காது. இறைச்சிக்கூடத்து ரத்தத்தை உலர்த்திப் பொடித்து உரமாகப் போடுகிறார்கள். அதில் 10 முதல் 12 விழுக்காடு தழைச்சத்து உண்டு. ரோஜாவுக்கு எலும்புத்தூள் வாங்கிப் போடுகிற வீட்டிலேயே, ஒரு பெண்ணின் நிழல் ரோஜாமேல் படக் கூடாது என்கிறார்கள்.

பெண்களுக்கு ஓய்வு கொடுக்கத்தான் முன்னோர் இப்படி வைத்தார்கள் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். ஓய்வு கொடுப்பதற்குச் செடி சாகும் என்று ஏன் சொல்ல வேண்டும்? வலிக்கிறது, படுத்துக்கொள் என்று சொன்னால் போதுமே. பூப்பாத்தி விலக்காகிற அந்த நாட்களிலும் பாத்திரம் துலக்குவதும் துணி துவைப்பதும் பல வீடுகளில் அவளுக்கு விலக்கு ஆவதில்லை. விலக்கின் சுமை வேறு இடத்தில் விழுகிறது. பன்னிரண்டு வயதில் பெரியவளான பெண், தன் உடம்பைப் பற்றி முதலில் கேள்விப்படுவதே அது ஒரு செடியைக் கொல்லும் என்பதுதான். நேற்றுவரை தானே தண்ணீர் ஊற்றி வளர்த்த மல்லிக்கு இன்று தம்பி ஊற்றுகிறான். அவள் வாசற்படியில் நிற்கிறாள். அப்பா, சித்தப்பா, வந்துபோகிறவர்கள் என்று எல்லோருக்கும் அவள் நிலை தெரிந்துவிடுகிறது. சொல்ல விரும்பாத ஒன்றை மாதாமாதம் அவளை ஊரறியச் சொல்லவைப்பது கொடுமை. கணவரை இழந்த பெண்ணைக் கன்று நட அழைக்காததும் இதே வகைக் கொடுமைதான்.

இந்த நம்பிக்கை உண்மையென்றால் தமிழ்நாட்டில் சோறும் இருந்திருக்காது, பூவும் இருந்திருக்காது. நாற்றங்காலில் நாற்றைப் பறித்து, வேரில் ஒட்டிய சேற்றை அலசி, முடிச்சாகக் கட்டி, வேறொரு வயலில் நடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வேரை இவ்வளவு அலைக்கழிக்கும் நடவு வேறு இல்லை. நட்ட பயிர் சில நாள் வெளிறிக் கிடந்து பிறகு பச்சை பிடித்துவிடும். இருபது பெண்கள் வரிசையாக இறங்கும் வயலில் யார் எந்த நாளில் இருக்கிறாள் என்று எந்தப் பண்ணையாரும் கேட்டதில்லை. கேட்டால் நடவு நின்றுவிடும். நிலக்கோட்டையிலும் உசிலம்பட்டியிலும் சத்தியமங்கலத்திலும் கார்த்திகையில் கவாத்து செய்த மல்லி மாசி பங்குனியில் அரும்பு கட்டுகிறது. விடியும் முன்பே அதைப் பறிக்கிற கைகளும் பெரும்பாலும் பெண்களின் கைகளே. மொட்டு விரியும் முன் சந்தைக்குப் போயாக வேண்டும், ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மாதத்தில் எல்லா நாளும் அதே செடிகளைத் தொட்டு அதே பெண்கள் பறிக்கிறார்கள். செடிகளும் ஆண்டுக்கணக்காகப் பூக்கின்றன. அந்தப் பூதான் மாலையாகி மீனாட்சியின் சன்னிதிக்கும் போகிறது, தூரமான பெண் தொடக் கூடாது என்கிற வீட்டின் சாமி படத்துக்கும் வருகிறது.