சுயசான்றில் கட்டப்படும் வீடு... தரத்தை ஆய்வு செய்ய யார் வருவார்? வீடு கட்டுவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை!

தமிழ்நாட்டில் சொந்த வீடு கட்ட அனுமதி வாங்குவது முன்பைவிட இப்போது எளிதாகிவிட்டது. ஆனால், கட்டி முடிக்கும் வரை அந்த வீட்டின் தரத்தை யார் கண்காணிப்பது? "பிளான் அப்ரூவல் ஆயிடுச்சு, பேங்க் இன்ஜினியரும் வந்து பார்த்துட்டாரு, அப்புறம் என்ன?" என்று நிம்மதியாக இருந்துவிடுபவர்கள் உண்டு. வாழ்நாள் சேமிப்பும், அதோடு 15, 20 ஆண்டு கடனும் போட்டுக் கட்டும் வீட்டில் இந்த நம்பிக்கை எவ்வளவு சரி?

சுயசான்று திட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 22 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சுயசான்று அடிப்படையில் கட்டட அனுமதி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளத்துடன் முதல் தளம் கொண்ட வீடு கட்டுவோர் இதில் விண்ணப்பிக்கலாம். ஒற்றைச் சாளர இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றி, கட்டணம் செலுத்தினால் உடனடி அனுமதி. பரிசீலனைக் கட்டணம், உட்கட்டமைப்பு மற்றும் வசதிக் கட்டணம் ஆகியவற்றில் இருந்து விலக்கு. பணி முடிந்த பின் முடிவுச் சான்றிதழும் தேவையில்லை.

ஆபீஸ் ஆபீஸாக அலைந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. அதேநேரம் 'சுயசான்று' என்ற பெயரிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. கொடுக்கும் தகவல் சரியாக இருப்பதற்கும், விதிப்படி கட்டுவதற்கும் விண்ணப்பித்தவரே பொறுப்பு.

அதிகாரி வந்தால் தரத்தையும் பார்ப்பாரா?

இங்குதான் பலருக்கும் குழப்பம். முடிவுச் சான்றிதழ் கட்டாயமாக உள்ள பெரிய கட்டடங்களில்கூட, ஆய்வுக்கு வரும் அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது அனுமதித்த வரைபடமும் கட்டடமும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான். பக்கத்தில் விட வேண்டிய இடம் விடப்பட்டதா, உயரம், தளங்கள், பார்க்கிங் சரியா என்று பார்ப்பார். பில்லருக்குள் எத்தனை கம்பி இருக்கிறது என்பது அப்போது கண்ணுக்கே தெரியாது.

வங்கி இன்ஜினியர்? வீட்டுக் கடன் மொத்தமாகக் கிடைக்காது. பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என வேலை நகர நகரத் தவணையாக வரும். வங்கி அனுப்பும் இன்ஜினியர் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள், கேட்கும் தொகைக்கு அது ஈடா என்று மதிப்பிடுவார். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கான பாதுகாப்பை.

அரசு உதவியில் கட்டும் வீடுகளிலும் இதே நிலைதான். பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறியீட்டுடன் புகைப்படம் எடுத்துப் பதிவேற்றுகிறார்கள். வேலை நடந்ததற்கு அது ஆதாரம். கான்கிரீட்டின் வலிமைக்கு ஆதாரம் அல்ல.

ஆக, தரத்தைப் பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரர். அல்லது, கான்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாமல் வீட்டுக்காரர் நியமிக்கும் தனி இன்ஜினியர்.

எப்போது பார்க்க வேண்டும்?

விதி ஒன்றுதான். எதை மூடப் போகிறார்களோ, அதை மூடுவதற்கு முன் பார்க்க வேண்டும். கடைக்காலை மண் மூடும். கம்பியைக் கான்கிரீட் மூடும். பைப்பையும் ஒயரையும் பூச்சு மூடும். அதன் பிறகு ரீபவுண்ட் ஹேமர் போன்ற கருவிகளால் சோதிக்க முடியும் என்றாலும், குறை தெரிந்தால் சரிசெய்யும் செலவு பல மடங்கு ஆகிவிடும்.

கம்பி: 12 மில்லி கம்பி ஒரு மீட்டருக்கு சுமார் 0.89 கிலோ இருக்க வேண்டும். அதாவது 12 மீட்டர் நீள முழுக் கம்பி சுமார் 10.6 கிலோ. 8 மில்லி கம்பி என்றால் மீட்டருக்கு சுமார் 0.395 கிலோ. சைட்டுக்கு வந்த கம்பியில் ஒன்றை எடைபோட்டாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். சிறிய வித்தியாசம் இயல்பு. அதிகமாகக் குறைந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

கவர் பிளாக்: கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையே இடைவெளி வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456-ன்படி கடைக்காலில் 50 மில்லிமீட்டர், பில்லரில் 40 மில்லிமீட்டர், சாதாரணச் சூழலில் ரூஃப் ஸ்லாபில் 20 மில்லிமீட்டர். கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லிக் கல்லை வைத்தால், கான்கிரீட் கொட்டும்போது அது நகர்ந்துவிடும். கம்பி சீலிங்கின் அடிப்பரப்பை ஒட்டியே நின்றுவிடும். சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து, சீலிங் பெயர்ந்து விழுவதற்கு இது முக்கியக் காரணம். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இருப்பதால் இந்த இடைவெளி இன்னும் அதிகம் தேவை.

கான்கிரீட்: வீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்20 கலவை. சைட்டிலேயே கலக்கும்போது 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்ச அளவு. "கொஞ்சம் தண்ணி ஊத்துனா ஈஸியா ஓடும்" என்று கூடுதலாக ஊற்றினால் வலிமை குறையும். கான்கிரீட் போடும் நாளில் 150 மில்லிமீட்டர் அச்சில் சில கட்டிகள் எடுத்து வைத்து, 7-வது நாளிலும் 28-வது நாளிலும் ஆய்வகத்தில் உடைத்துப் பார்க்கலாம். வீட்டின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

சென்ட்ரிங் எப்போது பிரிக்கலாம்?

தகராறு அதிகம் வரும் இடம் இது. சென்ட்ரிங் சாமான்கள் பெரும்பாலும் நாள் வாடகைக்கு வருகின்றன. ஒரு நாள் முன்னதாகப் பிரித்தால் கான்ட்ராக்டருக்கு அவ்வளவு மிச்சம். ஐஎஸ் 456 சொல்வது இதுதான்: சாதாரண ஓபிசி சிமெண்டில், 4.5 மீட்டர் அகலம் வரையிலான ஸ்லாபின் முட்டுகளை 7 நாட்களுக்குப் பிறகும், அதைவிடப் பெரியதை 14 நாட்களுக்குப் பிறகும் எடுக்கலாம். பீம் என்றால் 6 மீட்டர் வரை 14 நாட்கள், அதற்கு மேல் 21 நாட்கள். வீடுகளுக்கு அதிகம் பயன்படும் பிபிசி சிமெண்ட் மெதுவாகவே வலிமை பெறும் என்பதால் இன்னும் பொறுமை தேவை.

தண்ணீர் விட்டு ஈரமாக வைக்கும் க்யூரிங், ஓபிசி சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்கள். பிபிசி போன்ற கலப்பு சிமெண்டுக்கும், நம்ம ஊர் மாதிரி வெயில் அடிக்கும் இடத்துக்கும் குறைந்தது 10 நாட்கள். கலப்பு சிமெண்ட் என்றால் 14 நாட்கள் வரை நீட்டிப்பது நல்லது. ரூஃப் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது பழைய முறை. இன்றைக்கும் நல்ல முறை. பெரும்பாலும் மறந்துபோவது பில்லர்கள்தான். அவற்றுக்கு ஈரச் சாக்கு சுற்ற வேண்டும்.

பூச்சுக்கு முன்னால்...

தண்ணீர் பைப்பில் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். டைல்ஸ் ஒட்டும் முன் பாத்ரூம் தளத்தில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சுவருக்குள் போகும் ஒயர் குழாய்கள், பைப்புகளை அளவு நாடாவோடு போட்டோ எடுத்து வைத்தால், பின்னால் ஆணி அடிக்கும்போதுகூட உதவும்.

குறை இருந்தால் எங்கே போவது?

ரெரா சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால், கட்டுமான நிறுவனம் 30 நாட்களில் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் விற்பனைக்கான திட்டங்களுக்கு. சொந்த மனையில் கான்ட்ராக்டர் மூலம் கட்டும் தனி வீடு பொதுவாக அதற்குள் வராது.

அதற்காக வழியே இல்லை என்று அர்த்தமில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் 'சேவை' என்பதில் வீடு கட்டித் தருவதும் அடங்கும். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பிரச்னை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும்.

அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, "ஒப்பந்தம் எங்கே?" என்பதுதான். வாய்ப்பேச்சில் சதுர அடி ரேட் பேசிக் கட்டிய வீடுகளில் இதுதான் சிக்கல். எந்தச் சிமெண்ட், எந்தக் கம்பி, என்ன கலவை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தவணையை 'ரூஃப் போட்டாச்சு' என்பதோடு மட்டும் இணைக்காமல், 'இன்ஜினியர் பார்த்துச் சரி சொன்ன பிறகு' என்று எழுதலாம். கடைசியில் ஒரு சிறு பங்கை, ஒரு மழைக்காலம் கடந்த பிறகு தருவதாகவும் பேசி வைக்கலாம்.

தினமும் சைட்டில் நிற்க எல்லோராலும் முடியாது. வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்புவோருக்கு நிச்சயம் முடியாது. அப்படிப்பட்டவர்கள் கடைக்கால் கம்பி, பில்லர், லிண்டல், ரூஃப் கம்பி, பூச்சுக்கு முந்தைய நிலை ஆகிய 5 நாட்களிலாவது ஒரு தனி இன்ஜினியரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லி, போட்டோவும் கையெழுத்தும் வாங்கி வைப்பது அவசியம்.