பெயர் யாருடையது, பொருள் யாருடையது?

கடைக்காரர் தன் பெயரைப் போட்டு விற்கும் சாமான் மட்டமானது என்பது ஒரு கட்சி. பெயரில் என்ன இருக்கிறது, விலை குறைந்தால் சரி என்பது இன்னொரு கட்சி. நம் குடும்பங்களில் இரண்டு கட்சியாரும் உண்டு. இரண்டுமே பாதி உண்மைதான் என்பது என் கருத்து. அமெரிக்காவின் பழைய டேப் ரிக்கார்டர் வியாபாரம் இதற்கு நல்ல உதாரணம்.

அங்கே மான்ட்கோமரி வார்டு கம்பெனி 1872-ல் கேட்லாக் போட்டுத் தபால் வழி வியாபாரத்தைத் தொடங்கியது. பின்னால் வந்த சியர்ஸ் அதையும் மிஞ்சி வளர்ந்தது. 1950, 60-களில் வீட்டு டேப் ரிக்கார்டர்களும் இப்படி விற்பனையாயின. சியர்ஸ் விற்றதில் 'சில்வர்டோன்' என்றும், வார்டு விற்றதில் 'ஏர்லைன்' என்றும் பெயர் இருக்கும். அவை கடைகள் வைத்த பெயர்கள். செய்து கொடுத்தவை வேறு கம்பெனிகள். 60-களில் ஜப்பானிலிருந்து வந்தவையும் உண்டு.

இது மோசடியா? இல்லை. மொத்தமாக வாங்கியதால் விலை குறைந்தது. சியர்ஸ் சொந்தமாகப் பரிசோதனைக் கூடமே வைத்திருந்தது. திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ் என்று வார்டு 1875-லேயே உறுதி கொடுத்தது. பெயர் கடையுடையது, பொறுப்பும் கடையுடையது.

சிக்கல் ரிப்பேரில்தான். டேப் ரிக்கார்டரில் முதலில் கெடுவது ரப்பர். பெல்ட் தளரும், உருளை இறுகும், பாட்டு இழுக்கும். கடைப் பெயரைச் சொல்லி உதிரி பாகம் தேடினால், செய்தவர் யார் என்று தெரியாமல் திண்டாட வேண்டியதுதான். சியர்ஸ் சாமான்களில் ஒரு வழி இருந்தது. மாடல் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் செய்தவரைக் குறிக்கும். 110 என்று தொடங்கும் சலவை இயந்திரம் வேர்ல்பூல் செய்தது. பெயர் மறைத்ததை எண் காட்டிக் கொடுத்தது. ஆனால் சியர்ஸ் தன் பெரிய கேட்லாகை 1993-ல் நிறுத்தியது. வார்டு கடைகள் 2001-ல் மூடப்பட்டன. பொறுப்பேற்றவரே போனபின் உறுதிமொழி யாரிடம் செல்லும்?

இன்று ஆன்லைனில் நாம் வாங்கும் ஸ்பீக்கர், ஹெட்போன், பவர் பேங்க் பலவற்றின் கதையும் இதுதான். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் நமக்கு, போன இடத்தில் சர்வீஸ் உண்டா என்பது விலையைவிட முக்கியம். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு இங்கிருந்தே ஆர்டர் செய்து அனுப்புகிறோம். கெட்டுப்போனால் அலைவது அவர்கள்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், விலாசம் இருக்க வேண்டும். 2020-ன் மின்வணிக விதிகளின்படி எந்த நாட்டுப் பொருள் என்பதையும் விற்பனைப் பக்கத்தில் சொல்ல வேண்டும். இத்தகைய மின்னணுச் சாமான்களில் 'ஆர்' என்று தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவெண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைப் போட்டால் செய்த தொழிற்சாலை தெரிந்துவிடும். விற்றவர் கைவிரித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். அடுத்த தீபாவளி தள்ளுபடியில் காசைக் கொடுக்குமுன், செய்தவர் யார், பழுது பார்ப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். பதில் கிடைக்காத சாமான் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது மலிவல்ல.